இருபது கிலோ

வாரத்தில் ஆறு நாள்
அரசாங்கத்தின் தராசு என் கையில்.
ஞாயிறு, பூசை முடிந்ததும்
வின்சென்ட் தே பவுல் சபையின் பச்சைப் பை.
ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் நடுவே
ஒரு சில்வர் ஓக் வரிசை,
மூச்சு வாங்கவைக்கும் எழுபது படி.
கடைச் சாவியும் செபமாலையும்
ஒரே வளையத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

குப்பாயிக்கு அது மூன்றாவது மாதம்.
கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
ஈரத்துணியில் துடைக்கச் சொன்னேன்,
எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னேன்.
முப்பது வருஷம் காப்பிப் பழம் பறித்த கை,
மிளகுக் கொடி உருவிய கை.
பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டாள்.
"கைரேகை பொருந்தவில்லை" என்றது கருவி,
பெண் குரலில், மிக மரியாதையாக.
போனுக்கு ஒரு எண் வரும் என்றேன்.
போனை மகன் திருப்பூருக்குக் கொண்டுபோய்விட்டானாம்.
வரிசை நீளமாக இருந்தது.
அடுத்த அட்டையை வாங்கினேன்.

அன்று மாலை சபைக் கூட்டத்தில்
அவள் பெயரைச் சொன்னது நான்தான்.
அரிசி ஐந்து கிலோ, பருப்பு அரை,
தேங்காய் எண்ணெய் ஒரு பாக்கெட்.
பெர்னத் டீச்சர் நோட்டில் எழுதியபோது
மனசு லேசாகிவிட்டது எனக்கு.
அந்த லேசைத்தான் இப்போது
நினைக்கப் பிடிக்கவில்லை.

ஞாயிறு மதியம், எஸ்டேட் லைன் வீடு.
மழை விட்டிருந்தது, அட்டைகள் விடவில்லை.
அவள் பையைத் தொடவில்லை.
"இது யாரு அரிசிங்க?"
"கோயில்ல குடுக்கறதும்மா."
"அப்ப எம் பேருக்கு வந்தது?
மூணு மாசத்துக்கு அறுவது கிலோ.
உங்க கடைக்குள்ளாரதானுங்களே கெடக்குது?
அதையும் வெச்சிருக்கறவரு நீங்க,
இதையும் தூக்கியாந்தவரு நீங்க.
ஆளு ஒண்ணுதானுங்களே?"

பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.
ஐந்து கிலோ இவ்வளவு கனக்கும் என்று
எந்தத் தராசும் எனக்குக் காட்டியதில்லை.
அனுதின உணவு கேட்டு
காலையில்தான் எல்லோரும் சத்தமாகச் செபித்திருந்தோம்.
அது மூட்டையாக அடுக்கிக் கிடந்தது,
பூட்டியவன் கோயிலில் முழங்காலில் இருந்தான்.

அடுத்த கூட்டத்தில் சண்டை.
"மனு குடுக்கறது கட்சிக்காரன் வேலை,
நம்ம வேலை பசியாத்தறது"
என்றார் ஜீப் ஓட்டும் சிலுவைராஜ்.
"நாம ஆத்திக்கிட்டே இருக்கோம்னுதான்
அவங்க அசையவே மாட்டேங்கறாங்க"
என்றாள் நர்ஸ் பிலோமி.
"அவங்க அசையற வரைக்கும்
உலையில எதைப் போடறது?"
யாரும் பதில் சொல்லவில்லை.
ரெண்டும் செய்வோம் என்றார் டீச்சர், சலிப்போடு,
மணி ஏழாகிவிட்டதால்.

திங்கட்கிழமை லீவு போட்டேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்.
பஸ்ஸில் குப்பாயி எலுமிச்சம்பழத்தை
மோந்துகொண்டே வந்தாள்.
மனுவில் என் கடை எண்ணை
என் கையெழுத்திலேயே எழுதினேன்.
"நீயே உம்மேல புகார் குடுக்கறியாப்பா?"
டோக்கன் கொடுப்பவர் சிரித்தார்.
பஸ் காசை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று கேட்டார் சபைப் பொருளாளர்.
டீச்சர் நோட்டை வாங்கி
"அரிசி" என்று எழுதினார்.

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது:
பதிவேட்டில் ஒப்பம் பெற்று வழங்கலாம்.
பழைய மாதங்களுக்கு வழியில்லை.
குப்பாயி மையில் விரலைத் தோய்த்து வைத்தாள்.
ஒரு வரிகூட இல்லாத நீல வட்டம்.
அது போதும் என்று இப்போது சட்டம் சொல்கிறது.

மூட்டையைச் சாய்த்தேன்.
"இருங்க" என்றாள்.
"மொதல்ல தட்டைக் காலி பண்ணிக் காட்டுங்க."

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
ஒட்டியிருந்த நாலு அரிசியைத் தட்டிவிட்டு
காட்டினேன்.